தீத்திருவிழாவுக்கு முன் வடிகாலைச் சரிசெய்து தரக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்வலத் தெருவில் குடியிருப்போர்,
லெர்விக், ஷெட்லாந்து, ஸ்காட்லாந்து.

பெறுநர்:
சாலைப் பராமரிப்பு அலுவலர் அவர்கள்,
லெர்விக்.

பொருள்: விளையாட்டுத் திடல் திருப்பத்தில் அடைபட்ட மழைநீர் வடிகாலைச் சரிசெய்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக நாங்கள் முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மறுபடியும் எழுதுகிறோம். கிங் ஜார்ஜ் விளையாட்டுத் திடலுக்குத் திரும்பும் அந்த முனை தாங்கள் அறியாத இடமல்ல.

1. வடிகாலில் மண் அடைத்து, நடைபாதை ஓரம் முழுக்கத் தண்ணீர் தேங்குகிறது.

2. ஜனவரியில் 4 மணி வாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். குளிர் கூடினால் அந்தத் தண்ணீர் அப்படியே உறைந்துபோகிறது. மற்ற நாட்களில் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்து ஒதுங்கிப் போகிறோம். அப் ஹெல்லி ஆ என்னும் நம் தீத்திருவிழா இரவில் 7.30க்கு விளக்குகளை அணைத்துவிடுகிறீர்கள். அணைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பந்த ஊர்வலத்துக்கு இருட்டுத்தான் அழகு. ஆனால் காலுக்குக் கீழே பனிக்கட்டி இருக்கிறதே, ஐயா!

3. ஆயிரம் பேர் அளவில் வேடம் கட்டி வருகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் மண்ணெண்ணெயில் ஊறிய சாக்கு சுற்றிய பந்தம். காற்றில் பொறி பறக்கிறது. விழாத் தலைவரான யார்லின் குழுவினருக்குத் தலைக்கவசம், கேடயம், கோடரி வேறு. அதில் ஒருவர் வழுக்கினால் பந்தம் எங்கே போய் விழும்? பிள்ளைகள் முன்வரிசையில் நிற்பது அந்த ஓரத்தில்தான். கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு தாய்மார்களும் அங்கேதான் நிற்கிறார்கள். எங்கள் எதிர்வீட்டு அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த முனையில் நின்று பார்ப்பவர். போன விழாவில் அங்கேயே விழுந்து மணிக்கட்டு உடைந்தது. ஊர்வல முடிவில் பந்தங்களை வீசி எரிக்கும் வைக்கிங் மாதிரிக் கப்பலைப் பார்க்காமலே ஆஸ்பத்திரிக்குப் போனார். இந்த முறை "வாசலிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். வாசலிலிருந்து என்ன தெரியும்? புகைதான் தெரியும்.

4. தார்ப் பீப்பாய்களைக் கொளுத்தித் தெருவில் இழுத்து வந்த வழக்கத்தை ஆபத்து என்று 1870களில் நிறுத்தினார்கள். அப்புறம்தான் இந்த ஒழுங்கான ஊர்வலம் வந்தது. 1889 முதல் வைக்கிங் கப்பலும் சேர்ந்தது. ஆபத்து என்று தெரிந்தால் நடவடிக்கை எடுப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. 2023 முதல் பெண்களும் பந்தம் ஏந்துகிறார்கள். எங்கள் தெருப் பெண்கள் சிலர் இந்த முறை குழுவில் இருக்கிறார்கள். உப்பு தூவிவிடுகிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு மழை பெய்தால் உப்பு கரைந்துபோகும், தண்ணீர் அப்படியே நிற்கும். மழைக்காக இந்த விழாவை யாரும் தள்ளிப்போடுவதில்லை என்பதும் தங்களுக்குத் தெரியும். ஒரே இரவில் எரியப்போகும் கப்பலுக்காக ஊர்க்காரர்கள் குளிர்காலம் முழுக்கக் கூலி வாங்காமல் கொட்டகையில் உழைக்கிறார்கள். ஒரு வடிகாலைத் தோண்டிவிட இத்தனை தாமதமா? யாராவது தீக்காயம் பட்ட பிறகுதான் ஆள் வருமா?

ஜனவரி கடைசிச் செவ்வாய்க்கு முன், தயவுசெய்து ஆள் அனுப்பி அந்த வடிகாலைத் தோண்டித் தாருங்கள். வேறெதுவும் கேட்கவில்லை. எந்தத் தேதியில் வருவார்கள் என்று ஒரு வரி எழுதினாலும் போதும். பணிவோடு மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்: விழாவுக்கு முன், ஐயா.

இப்படிக்கு,
தெருவாசிகள்