சூட்டறைக்குள் போகுமுன்

அன்புக் கண்ணம்மா,

சனிக்கிழமை முதல் சூடான அறையில் செய்கிற ஹாட் யோகா வகுப்பு, கூடவே மைண்ட்ஃபுல்னெஸ் என்கிற மனக்கவனப் பயிற்சியும் பழகப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். போகலாமா என்றும் கேட்டிருந்தாய். போ. ஆனால் முதல் வகுப்பை இரண்டு வாரம் தள்ளிப் போடு. அந்த இரண்டு வாரமும் உன் அறையில் சும்மா உட்கார்ந்து பழகு. சூடான அறை உடம்பை ஏமாற்றும். தசை இளகிவிட்டது போலக் காட்டும், வலியை மழுங்கடிக்கும், வெளியே எழுந்து போவதை அவமானமாகத் தோன்ற வைக்கும். இந்த மூன்றிலும் ஏமாறாமல் இருக்க, உடம்பு மெல்லச் சொல்வதைக் கேட்கும் பழக்கம் முன்கூட்டியே வேண்டும்.

உட்காருவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. நாற்காலியானாலும் தரையானாலும் சரி, முதுகு தானாக நிமிர்ந்திருக்கும்படி உட்கார். 10 நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிடு. மணி பார்க்கிற வேலை மிச்சம். மூச்சு எந்த இடத்தில் நன்றாகத் தெரிகிறது என்று பார்: மூக்கு நுனியில் காற்று உரசுகிறதா, நெஞ்சு விரிகிறதா, வயிறு எழுந்து தாழ்கிறதா. ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு. மூச்சை இழுக்காதே, நீட்டாதே, அது பாட்டுக்கு வந்து போகட்டும். ஐந்தாறு மூச்சுக்குள் மனசு எங்கோ போயிருக்கும். போய்விட்டது என்று தெரிகிற அந்த நொடிதான் பயிற்சி. ‘யோசனை’ என்று உள்ளுக்குள் ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்பி வா. நாற்பது தடவை போய் நாற்பது தடவை திரும்பினாயென்றால் அன்றைக்கு நாற்பது தடவை பழகியிருக்கிறாய்.

பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. மனசைக் காலியாக்க முயல்வார்கள். முடியாது, முயன்றால் நெற்றி இறுகித் தலைவலிதான் வரும். மூச்சைக் கவனிக்கப் போய் அதைக் கட்டுப்படுத்தத் தொடங்கினால் நெஞ்சு அடைப்பது போல இருக்கும். அப்போது மூச்சை விட்டுவிட்டு, பாதம் தரையில் படுகிற அழுத்தத்தைக் கவனி. தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திற. மூச்சையோ உடம்பையோ கவனிக்கும்போது படபடப்பு கூடுகிறவர்களும் இருக்கிறார்கள், பழைய அதிர்ச்சி ஏதாவது உள்ளே கிடந்தால் குறிப்பாக. அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு, வெளியிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டபடி 3 நிமிடம் மட்டும் இருந்தால் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டியதில்லை.

அமெரிக்காவில் ஜான் கபட்-ஜின் என்பவர் 1979-இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி 8 வாரம் நடக்கும். வீட்டில் தினமும் 45 நிமிடம் வரை செய்யச் சொல்வார்கள். உனக்கு இப்போது அவ்வளவு வேண்டாம். காலையில் 10 நிமிடம், இரவு படுத்தபடியே 12 நிமிடம். இரவில் செய்வது உடல் வலம்: இடது கால் விரலில் தொடங்கி, பாதம், கெண்டைக்கால், முட்டி, தொடை என்று ஏறி, பிறகு வலது கால், இடுப்பு, முதுகு, தோள், முகம். எந்த இடத்திலும் எதையும் மாற்றாதே. அங்கே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்: சூடா, துடிப்பா, மரத்துப்போனதா, ஒன்றுமே தெரியவில்லையா. ஒன்றும் தெரியாததும் ஒரு விடைதான். சூட்டறையில் உன் தொடையைக் காப்பாற்றப் போவது இந்தப் பாடம். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

இனி அந்த அறை. சேருமுன் மூன்று கேள்வி கேள்: எத்தனை டிகிரி, எவ்வளவு ஈரப்பதம், எத்தனை நிமிடம். ஹாட் யோகா என்ற ஒரே பெயரில் பலதும் நடக்கிறது. கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி பரப்பிய முறையில் 26 ஆசனம், 2 மூச்சுப் பயிற்சி, 90 நிமிடம், சுமார் 40 டிகிரி செல்சியஸ், 40 சதவீத ஈரப்பதம். அந்த வரிசைக்குப் பதிப்புரிமை கோர முடியாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் சொல்லிவிட்டது. இப்போது பல இடங்களில் வெறுமனே ‘26+2’ என்கிறார்கள். மற்ற ஸ்டூடியோக்களில் 32-லிருந்து 38 டிகிரிக்குள் வைத்து 60 நிமிடம் நடத்துவதும் உண்டு. தொடங்குகிறவளுக்கு அதுதான் நல்லது. என்ன டிகிரி என்று சொல்லத் தெரியாத இடத்தில் சேராதே.

40 டிகிரியில் உடம்புக்கு என்ன நேர்கிறது என்று தெரிந்துகொள். நம் தோல் 33, 34 டிகிரியில் இருக்கும். அறைக் காற்று அதைவிடச் சூடாக இருந்தால் உடம்பின் சூடு காற்றுக்குப் போகாது. காற்றின் சூடுதான் உடம்புக்குள் வரும். மிச்சமிருக்கிற ஒரே வழி வேர்வை ஆவியாவது. கவனி, ஆவியாவதுதான் குளிர்விக்கிறது, வழிவது இல்லை. யோகா விரிப்பான மேட்டில் சொட்டுகிற துளியால் ஒரு பயனும் கிடையாது. ஈரப்பதம் ஏறினால் வேர்வை ஆவியாகாமல் சொட்டும். அதனால் 36 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள அறை, 40 டிகிரியும் 40 சதவீதமும் உள்ள அறையைவிடக் கடுமையாக இருக்கும். நிமிடத்துக்கு ஒரு தடவை டவலால் துடைப்பதும் குளிர்ச்சியைத் துடைத்தெறிவதுதான். கண்ணில் இறங்குவதை மட்டும் ஒற்றி எடு.

தோலுக்கு ரத்தம் பெருகி ஓடுவதால் இதயம் வேகமாக அடிக்கும். ஓடி உழைத்தது போலத் தோன்றும். அது முழு உண்மை இல்லை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அளந்தபோது, ஒரு 90 நிமிட வகுப்பில் பெண்களுக்குச் சுமார் 330 கலோரியும் ஆண்களுக்குச் சுமார் 460 கலோரியும்தான் செலவானது. விறுவிறு நடைக்கு ஏறக்குறைய சமம். ‘வேர்வையில் நச்சு வெளியேறுகிறது’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வா. வேர்வை என்பது நீரும் உப்பும். கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். சூட்டில் தண்ணீர் குறைந்தால் அந்தச் சிறுநீரகத்துக்கே சிரமம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். மிதமான, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களை 8 வாரம் 40 டிகிரி அறையில் யோகா செய்யவைத்த ஒரு சோதனையின் முடிவு 2023-இல் வந்தது. அவர்கள் சராசரியாகப் பத்து வகுப்புக்குத்தான் போனார்கள். பாதிப் பேருக்கு மேல் அறிகுறிகள் பாதிக்கும் கீழே இறங்கின. ஆனால் ஒப்பிட்டது காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களோடு. சூடு இல்லாத யோகாவோடு ஒப்பிடவில்லை. அதற்கு முன் 2018-இல் வெளியான இன்னோர் ஆய்வில், அதே 26 ஆசனத்தைச் சூட்டிலும் சாதாரண அறையிலும் 12 வாரம் செய்தவர்களின் ரத்தக்குழாய்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு மேம்பட்டன. என் கணிப்பு: பலன் பெரும்பாலும் ஆசனத்திலும் கவனத்திலும் இருக்கிறது, சூடு மேலே தூவும் உப்பு. பிடித்தால் வைத்துக்கொள்; பிடிக்காவிட்டால் சாதாரண வகுப்புக்கு மாறுவதில் ஒரு நஷ்டமும் இல்லை.

தண்ணீர் விஷயத்தைச் சரியாகச் செய். வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பு 400 முதல் 500 மில்லி. உள்ளே போகும் வாசலில் கடகடவென்று குடிக்காதே, குனிகிறபோது குமட்டும். நடுவில் இரண்டு மூன்று வாய். சாப்பாடு 2, 3 மணி நேரம் முன்பே முடிந்திருக்கட்டும். முந்தின நாள் மது, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சரியில்லாத தூக்கம், இதில் ஏதாவது இருந்தால் அன்றைக்கு விட்டுவிடு.

எவ்வளவு வேர்க்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், எடை மெஷின்தான் சொல்லும். வகுப்புக்கு முன்பும், முடிந்து வேர்வை துடைத்த பிறகும், மெல்லிய ஒரே உடையில் எடை பார். முன்பு 58.4 கிலோ, பிறகு 57.3, நடுவில் குடித்தது 400 மில்லி என்று வைத்துக்கொள். குறைந்தது 1.1, குடித்தது 0.4, ஆக வேர்த்தது ஒன்றரை லிட்டர். ஈடுகட்ட வேண்டியது அந்த 1.1-ஐப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 1.4 முதல் 1.65 லிட்டர், நாலைந்து மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வகுப்பு உனக்கு அதிகம். குறையாமல் கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறாய். இது அலட்சியப்படுத்துகிற விஷயம் இல்லை: உப்பு போன உடம்பில் வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று அறிகுறிகள் நீர் குறைந்தது போலவே இருக்கும். அதைப் பார்த்து இன்னும் குடிப்பார்கள். நிறைய வேர்த்த நாளில் ஒரு லிட்டர் நீருக்கு ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து அதில் கொஞ்சம் குடி.

தொடை விஷயத்துக்கு வருகிறேன். சூட்டில் தசையும் தசைநாரும் இளகும், கால் நேற்றைவிட இரண்டு அங்குலம் மேலே போகும், வலியும் எட்டாது. சந்தோஷமாக இழுத்துவிட்டு வருவார்கள். மறுநாள் உட்காரும்போது பிருஷ்ட எலும்புக்குக் கீழே சுரீர் என்னும். பின்தொடைத் தசை எலும்பில் ஒட்டுகிற இடம் அது, ஆறுவதற்கு மாதக்கணக்காகும். தசையின் நடுப்பகுதியில் பரவலாக வருகிற இழுப்பு சரி. மூட்டுக்கு அருகிலோ எலும்பில் ஒட்டும் இடத்திலோ ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய சுருக் சரியில்லை. இந்த இரண்டையும் பிரித்தறியத்தான் இரவு உடல் வலம். சூட்டறையில் எந்த ஆசனத்திலும் உன்னால் போக முடிகிற தூரத்தில் முக்கால் பங்கோடு நில்.

ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை நீட்டிப் பிடிக்கிற தண்டாயமான ஜானுசிரசாசனத்தில் ‘முட்டியைப் பூட்டு, பூட்டு’ என்று கத்துவார்கள். முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டாதே. பாரம் முழுவதும் பின்பக்கத் தசைநாரில் தொங்கும். முன்தொடையை இறுக்கி முட்டிச் சில்லை மேலே தூக்கு. சரிதானா என்று தெரிய, இரண்டு காலில் நிற்கும்போதே விரலால் சில்லைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். ஆடினால் தொடை வேலை செய்யவில்லை. பாதத்தில் பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால் மூன்றும் தரையில் சமமாக அழுந்த வேண்டும். குதிகாலுக்கே பாரம் போனால் முட்டி பின்னால் வளையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மூச்சுதான் உன் அளவுகோல். மூக்கு வழியாக ஓடுகிறவரை தொடரலாம். வாய் திறந்து இரைக்க ஆரம்பித்தால் ஆசனத்தை விட்டு மேட்டில் முட்டி போட்டு உட்கார். மூச்சு மூக்குக்குத் திரும்பிய பிறகு எழுந்திரு, மெதுவாக. சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். முட்டி போட்டுப் பின்னால் வளைகிற உஷ்ட்ராசனத்தில் தலையைச் சாய்க்கும்போது கிறுகிறுப்பும் குமட்டலும் நிறையப் பேருக்கு வரும். முதல் மாதம் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நெஞ்சை மட்டும் திற.

தலைவலி, குமட்டல், சூட்டிலும் சில்லிடுகிற தோல், கை கால் நடுக்கம் வந்தால் சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல் வெளியே வா. குளிர்ந்த இடத்தில் கால்களை உயர்த்திப் படு. பக்கத்தில் இருப்பவர் உளறினாலோ, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாலோ, மயங்கினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக் என்கிற வெப்ப வாதமாக இருக்கலாம். ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடனே குளிர்ந்த நீரால் உடம்பை நனைத்து விசிற வேண்டும். கதவைத் திறக்க விடாத, தண்ணீர் குடிக்க விடாத ஆசிரியரிடம் இரண்டாவது வகுப்புக்குப் போகாதே.

கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தாலே சூட்டறை வேண்டாம். முதல் மாதங்களில் உடல் உட்சூடு ஏறுவது கருவுக்கு நல்லதில்லை. இதய நோய், குறைந்த ரத்த அழுத்தம் உள்ளவர்களும், சிறுநீர் பெருக்கி, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், மனநலத்துக்கான லித்தியம் போன்ற மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. நீ ஒவ்வாமைக்கு மாத்திரை போடுகிற நாளிலும் கவனம். சில ஒவ்வாமை மாத்திரைகள் வேர்வையைக் குறைக்கும்.

உடம்பு சூட்டுக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் தொடர்ந்து போக வேண்டியிருக்கும். வாரம் இரண்டு வகுப்பு என்றால் இன்னும் நாளாகும். பழகினால் வேர்வை சீக்கிரம் தொடங்கும், உப்பும் குறைவாகப் போகும். முதல் மூன்று வகுப்பில் பாதி நேரம் உட்கார்ந்தே இருந்தாலும் பரவாயில்லை. பருத்திச் சட்டை நனைந்து கனக்கும். சீக்கிரம் காய்கிற மெல்லிய துணி போடு. மேட்டின் மேல் முழு நீள டவல் விரி, இல்லாவிட்டால் காலை அகட்டி நிற்கிற திரிகோணாசனத்தில் வழுக்கும். வந்ததும் ஈரத் துணியைப் பைக்குள் விட்டுவைக்காதே, படர்தாமரை வரலாம்.

மூன்று வகுப்புக்கும் முன் எடை, பின் எடை, குடித்த மில்லி எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்பு. எந்த ஆசனத்தில் மூச்சு வாய்க்கு வந்தது என்பதையும் எழுது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வாரம் இரண்டா மூன்றா என்று சொல்வேன்.

அன்புடன்,
அம்மா