கயலுக்கு, ஓட்டுப் போடும் முன்

அன்புள்ள கயல்,

இந்த அமெரிக்கத் தேர்தலில், கருக்கலைப்பு விஷயத்தில் எந்த வேட்பாளரை நம்புவது என்று கேட்டிருந்தாய். ஆதரவா எதிர்ப்பா என்று மட்டும் கேட்டால் ஒன்றும் பிடிபடாது.

இரண்டு கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள். கருவைக் கலைப்பது தவறா என்பது ஒன்று. தவறென்றே வைத்துக்கொண்டாலும் அரசு அதைத் தடுத்துத் தண்டிக்கலாமா என்பது வேறு. 1984-இல் நியூயார்க் கவர்னர் மரியோ குவோமோ, கத்தோலிக்கராகச் சபையின் போதனையை ஏற்றுக்கொண்டே, அதைச் சட்டமாக்கி எல்லோர் மேலும் சுமத்த முடியாது என்று வாதிட்டார். எதிர்த்தரப்பின் பதிலும் லேசுப்பட்டதல்ல: கரு ஒரு மனித உயிர் என்று நம்புகிறவர், அதைக் காப்பதை அவரவர் மனசாட்சிக்கு எப்படி விட்டுவிடுவார்? இந்த இடத்தில்தான் பலரும் மழுப்புவார்கள்.

அடுத்து, அவர் போட்டியிடும் பதவிக்கு என்ன அதிகாரம் என்று பார். 2022 ஜூன் 24 அன்று சுப்ரீம் கோர்ட், கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாக ஏற்ற 1973-இன் ரோ தீர்ப்பை ரத்து செய்ததும் முடிவு பெரும்பாலும் மாநிலங்களின் கைக்குப் போய்விட்டது. வட கரோலினாவில் 2023-இல் 12 வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டத்தைக் கவர்னர் ராய் கூப்பர் வீட்டோ செய்தார். வீட்டோவை மீற ஐந்தில் மூன்று பங்கு ஓட்டு, அதாவது கீழவையில் 72, தேவை. கட்சி மாறி வந்த ஓர் உறுப்பினரால் சரியாக 72 கிடைத்தது. யாரும் கவனிக்காத ஒரு மாநிலச் சட்டமன்றத் தொகுதிதான் முடிவை மாற்றியது, பார்!

செனட் வேட்பாளர் 'நாடு முழுக்க ஒரே சட்டம்' என்றால், பெரும்பாலான மசோதாக்களை ஓட்டெடுப்புக்குக் கொண்டுவரவே செனட்டில் 60 ஓட்டு வேண்டும் என்ற விதியை வைத்துக்கொள்வாரா எடுப்பாரா என்று கேள். அதற்குப் பதில் இல்லையென்றால் அந்த வாக்குறுதி வெறும் பேச்சு. ஜனாதிபதியின் கையில் இருப்பவை நீதிபதி நியமனம், 2000-இல் அனுமதி பெற்ற மிஃபெப்ரிஸ்டோன் என்ற கருக்கலைப்பு மாத்திரையைக் கட்டுப்படுத்தும் துறைக்குத் தலைவரை நியமிப்பது, வெளிநாட்டு உதவிக்கான நிபந்தனை. கருக்கலைப்புக்கு உதவும் வெளிநாட்டு அமைப்புகளுக்குப் பணம் கிடையாது என்று ஜனாதிபதி ரீகன் 1984-இல் கொண்டுவந்த அந்த நிபந்தனையை ஒரு கட்சி எடுப்பதும் மறு கட்சி திரும்பக் கொண்டுவருவதுமாக இருக்கிறது.

கர்ப்பத்தின் வாரக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கணக்கு தொடங்குவது கடைசி மாதவிடாயின் முதல் நாளில். கரு உருவாவதோ அதிலிருந்து சுமார் இரண்டு வாரம் கழித்து. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு 'ஆறு வாரம்' என்றால் நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். சுழற்சி ஒழுங்காக இல்லாதவருக்கு அதற்குள் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது.

'விதிவிலக்கு உண்டு' என்றால் வாசகத்தைக் கேட்டு வாங்கு. தாயின் உயிருக்கு ஆபத்து என்பதும் உடல்நலத்துக்குக் கேடு என்பதும் ஒன்றல்ல. 18-ஆம் வாரத்தில் பனிக்குடம் உடைந்துவிட்டது, சிசுவின் இதயம் துடிக்கிறது, தாய்க்குத் தொற்று இன்னும் வரவில்லை என்றால் டாக்டர் என்ன செய்வார்? டெக்சாஸில் சட்டத்தை மீறிய டாக்டருக்கு ஆயுள் தண்டனைவரை கிடைக்கலாம். குறைந்தது 1,00,000 டாலர் அபராதம், லைசென்சும் போகும். தொற்று வரட்டும் என்று காத்திருக்கத்தான் அவருக்குத் தோன்றும். வன்புணர்வு விதிவிலக்குக்குச் சில மாநிலங்கள் போலீஸ் புகார் கேட்கின்றன.

உரிமைக்கு ஆதரவானவரையும் சும்மா விடாதே. சிசு வெளியே பிழைக்கக்கூடிய சுமார் 24 வாரத்துக்குப் பிறகு என்ன வரம்பு, அதை யார் தீர்மானிப்பது, மைனர் பெண்ணுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டுமா, கருக்கலைப்புக்கு மத்திய அரசுப் பணம் தரக் கூடாது என்று 1976 முதல் தொடரும் ஹைட் தடையை எடுப்பாரா?

நேரடி வாக்கெடுப்பு என்றால் வாசகத்தை இரண்டு முறை படி. 2022-இல் கான்சாஸில் 'ஆம்' என்றால் உரிமையை நீக்குவதாக அர்த்தம். சுமார் 59 சதவீதம் பேர் 'இல்லை' என்றார்கள். ஃபுளோரிடாவில் 2024-இல் கருக்கலைப்பு உரிமைத் திருத்தத்துக்கு 57 சதவீதம் ஆதரவு கிடைத்தும், 60 வேண்டும் என்பதால் தோற்றது.

வேட்பாளரின் இணையப் பக்கத்தை நம்பாதே, உட்கட்சித் தேர்தல் முடிந்ததும் வார்த்தைகள் மாறிவிடும். பழைய ஓட்டுப் பதிவைப் பார். மாதிரி வாக்குச்சீட்டைக் கடைசிவரை படித்துவிடு. பல மாநிலங்களில் மாநில நீதிபதிகளின் பெயரும் அதில் இருக்கும்.

அன்புடன்,
அப்பா