பெட்டிய ஏரிக்கரையில வச்சுட்டு ஊரு பாக்கப் போங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த இத்தாலி டூர் கட்டுரைய படிச்சேன். எழுத்து நல்லாத்தான் இருக்கு, போட்டோவும் அருமை, ஆனா கடைசிப் பக்கத்துல கட்டம் கட்டி ஒரு பிளான் போட்டிருந்தீங்கள்ல, அது எனக்கு ஒத்துக்கவே இல்ல. மிலன்ல ஒரு ராத்திரி, வெரோனால ஒரு ராத்திரி, பதுவா, வெனிஸ், ஃப்ளாரன்ஸ்னு தினம் ஒரு ஹோட்டல், தினம் பெட்டி கட்டுறதே சோலியா இருக்கும் போல. இதுல கார்டா ஏரிய நேரமிருந்தா எட்டிப் பாக்கலாம்னு ஒரே ஒரு வரி. நான் சொல்றது இதுக்கு நேர் எதிர். தங்குறதே அந்த ஏரிக்கரையிலதான் தங்கணும், மத்த ஊருக்கெல்லாம் அங்கருந்து வெள்ளன கிளம்பிப் போயி சாயங்காலம் திரும்பிரணும்.

நான் மண்டபத்துக்காரன், ரயில்வேல இருந்து ரிட்டையர்டு ஆனவன். மகன் அங்கிட்டு வேலையில இருக்கான், அவன் புண்ணியத்துல நானும் வீட்டம்மாவும் போயிட்டு வந்தோம். எங்க ஊரு வழியா ராமேஸ்வரத்துக்குப் போற டூரிஸ்ட் பஸ்ஸ தினமும் பாக்குறேன். விடியக்காலம் வந்து இறங்குவாக, அக்னி தீர்த்தத்துல முழுக்கு, ஈரத்துணியோட 22 தீர்த்தம், சாமி கும்பிட்ட கையோட தனுஷ்கோடிக்கு ஒரு ஓட்டம், மத்தியானம் பஸ்ஸு மறுபடி பாம்பன் பாலத்துல ஏறிரும். அந்தப் பிரகாரத்துல நின்னு தூண நிமிந்து பாத்தவுக எத்தன பேரு இருப்பாக? உங்க பிளானும் அதே ஓட்டந்தான் சார், என்ன, செலவு மட்டும் லட்சத்துல.

கார்டா இத்தாலியிலயே பெரிய ஏரி, பரப்பு 370 சதுர கிலோமீட்டர் வரும். வடக்க மலை ரெண்டு பக்கமும் நெருக்கிக்கிட்டு நிக்கும், தெக்க அகண்டு கடலாட்டம் கெடக்கும். அந்தத் தெக்குக் கரையில பெஸ்கியேரா, தெசென்சானோன்னு ரெண்டு சின்ன ஊரு, ரெண்டுலயும் ஸ்டேஷன் இருக்கு. மிலன்லருந்து வெனிஸ் போற மெயின் லைன் இந்த ரெண்டு ஊரு வழியாத்தான் போகுது, சூட்சுமமே அதான். பெஸ்கியேரால ஏறுனா கிழக்க வெரோனா கால் மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, விசென்சா ஒரு மணி நேரத்துக்குள்ள, பதுவா ஒரு மணி நேரத்துக்கு சித்த கூட, வெனிஸே ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்துரும், மேக்க போனா பிரெஷ்சியா அரை மணி நேரம். ஸ்டேஷன்லருந்து ஏரிக்கு நடந்தே போயிரலாம்.

டிக்கெட் விஷயத்துல ஒண்ணு சொல்லணும், கட்டுரையில அது இல்ல. வேகமா போற ஃப்ரெச்சா வண்டிக்கு பிளேன் டிக்கெட் கணக்கா நாள் நெருங்க நெருங்க ரேட்டு ஏறும். ரெஜியோனாலேங்கிற பாசஞ்சர் வண்டிக்கு தூரத்துக்கு ஏத்த ஒரே ரேட்டு, ரிசர்வேஷனும் கிடையாது, அன்னைக்கே எடுத்துக்கலாம். ஆனா பேப்பர் டிக்கெட்டா எடுத்தா ஏறுறதுக்கு முன்னாடி பிளாட்பாரத்துல இருக்க மிஷின்ல குத்தி சீல் வாங்கிரணும், கையில டிக்கெட் இருந்தும் சீல் இல்லன்னா ஃபைன் போட்டுருவாக. நாங்க போனப்ப ஸ்டேஷன்ல ஒட்டியிருந்த டைம் டேபிள்ல மஞ்சத் தாள் புறப்படுற வண்டிக்கு, வெள்ளத் தாள் வர்ற வண்டிக்கு. இத்தன வருஷம் ரயில்வேல இருந்ததால எனக்கு இதெல்லாம் பாக்கப் பாக்க ஆசையா இருந்துச்சு, வீட்டம்மாவுக்குத்தான் கடுப்பு.

வெரோனால அரீனாங்கிற வட்டமான திறந்தவெளி அரங்க பாருங்க, முதல் நூற்றாண்டுல ரோமாபுரிக்காரன் கட்டுனது, 1913லருந்து கோடையில அங்க ஓபரா, அதான் பாட்டாவே பாடி நடிக்கிற நாடகம், நடக்குது. ஓபரா பாக்கணும்னா மட்டும் அன்னைக்கு ராத்திரி அங்கயே தங்கிருங்க, அது முடிய நடுராத்திரி ஆயிரும், திரும்ப ரயில் இருக்காது. ஷேக்ஸ்பியர் நாடகத்துல வர்ற ஜூலியட்டோட பால்கனின்னு ஒண்ணு, அங்க கூட்டம் முட்டித் தள்ளும், அது போன நூற்றாண்டுல ஒட்ட வச்ச பால்கனி, எனக்கு அதுல பெரிசா ஒண்ணும் தெரியல.

உங்க கட்டுரை சுத்தமா விட்டது மாந்துவா. வெரோனால வண்டி மாறி முக்கா மணி நேரம் போல. கார்டாலருந்து வெளிய வர்ற மிஞ்சோ ஆறு பெஸ்கியேரால புறப்பட்டு இந்த ஊரத்தான் சுத்திப் போகுது. 12ஆம் நூற்றாண்டுல நம்மாளு கண்மாய்க்கு கரை போட்ட மாதிரி ஆத்த மறிச்சு ஊரச் சுத்தி ஏரியா தேக்குனாங்க, அதுல மூணு இன்னமும் இருக்கு. அங்க அந்த ஊர ஆண்ட கொன்சாகா ராஜாக்களோட அரண்மனையில ஒரு ரூம், மாந்தேஞ்ஞாங்கிற ஓவியர் 1474ல முடிச்சது. சுவத்துல ராஜா, ராணி, புள்ளைக, வேலைக்காரக, நாய் எல்லாம். நிமிந்து பாத்தா கூரையில வட்டமா ஓட்டை போட்டு வானம் தெரியிற மாதிரி வரைஞ்சிருக்கு, அதச் சுத்தி பொம்பளைகளும் றெக்க வச்ச குழந்தைகளும் நம்மள எட்டிப் பாக்குறாக, ஒரு மயிலு வேற. ஓரத்துல ஒரு செடித்தொட்டி வெறும் கம்பு மேல நிக்குது பாருங்க, அது இப்ப நம்ம தலையில விழுந்துரும்னு வீட்டம்மா ஒதுங்கியே நின்னாக. இந்த ரூமுக்குள்ள ஆள அளவாத்தான் விடுவாங்க, திங்கக்கிழமை அரண்மனை லீவு. சாப்பாட்டுக்கு, மாவுக்குள்ள பரங்கிக்காய் வச்சு அவிச்சு வெண்ணெய் ஊத்தித் தர்றாக, லேசா இனிக்கும், ஆனா மாவுல முட்டை சேப்பாக, சைவக்காரக கேட்டுக்கிட்டு சாப்பிடுங்க. ஏரி மீன் பத்தி கேக்காதீங்க, கடல் மீன் தின்ன நாக்குக்கு அது ஏறல.

பதுவாவுக்கு ஒரு முழு நாள் வேணும். ஸ்க்ரோவெஞ்ஞி சேப்பல்ங்கிற சின்ன தேவாலயத்துல ஜொத்தோங்கிற ஓவியர் 1305 வாக்குல வரைஞ்சு முடிச்ச படங்க, நீலக் கூரையில தங்க நட்சத்திரம். இதுக்கு முன்கூட்டியே புக் பண்ணணும், நீங்க அத எழுதவே இல்ல, நம்பிப் போறவுக வாசலோட திரும்ப வேண்டியதுதான். உள்ள விடுறதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி ரூம்ல கால் மணி நேரம் உக்கார வைப்பாங்க, நம்ம மேல இருக்க ஈரமும் தூசியும் சுவத்துக்கு ஆகாதாம். அப்புறம் உள்ளயும் சுமார் கால் மணி நேரந்தான். அதே ஊர்லதான் அந்தோணியார் கோயில், அவுக கல்லறையே அங்கதான். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு படகேறிப் போற தங்கச்சிமடம் பாம்பன் ஆளுக இத படிச்சா சந்தோசப்படுவாக. கல்லறைக்குப் பின்பக்கமா வரிசையில போயி கல்லு மேல உள்ளங்கைய வச்சு கண்ண மூடி நிக்குறாக, அந்த இடத்துல எந்த ஊருக்காரவுகளும் சத்தம் போடல.

வெனிஸுக்கு பகல்ல மட்டும் வந்து போறவுகளுக்கு 2024லருந்து குறிப்பிட்ட நாள்ல 5 யூரோ நுழைவுக் கட்டணம் வச்சிருக்காக, 2025ல கடைசி நேரத்துல கட்டுனா 10ன்னு ஆக்கிட்டாக. காலை எட்டரையிலருந்து சாயங்காலம் 4 வரைக்குந்தான் அது. எந்தெந்த நாள்னு வருஷா வருஷம் மாறும், கிளம்புறதுக்கு முன்ன பாத்துக்கங்க. ஃப்ளாரன்ஸ இந்தக் கணக்குல சேக்காதீங்க, ஒரே நாள்ல போயிட்டு வந்துரலாம்தான், ஆனா பாதி நாள் ரயில்லயே போயிரும். அதுக்கு இன்னொரு தடவ தனியா போங்க.

ஒரே ஒரு வேண்டுகோள் சார். மாந்துவா ரூம்ல நிக்கும்போது எனக்கு நினைப்பு வந்தது நம்ம ராமநாதபுரம் அரண்மனை ராமலிங்க விலாசம். 18ஆம் நூற்றாண்டுல வரைஞ்சது, சேதுபதி ராஜா, அவுக அந்தப்புரம், சண்டை, ராமாயணம்னு சுவரு பூரா படம், ராமேஸ்வரத்துலருந்து பஸ்ஸுல ஒண்ணரை மணி நேரத்துல வந்துரலாம். அதப் பத்தி உங்க பத்திரிகையில ஒரு கட்டுரை கூட நான் பாத்ததில்ல. ராமேஸ்வரத்துல ரூம் போட்டு பெட்டிய வச்சுட்டு ஒரு நாள் அரண்மனை, ஒரு நாள் உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, இன்னொரு நாள் கீழக்கரை பழைய பள்ளிவாசல்னு ஒரு பிளான் போட்டு, பஸ் டைமோட கட்டம் கட்டி வெளியிடுங்க. டைம் டேபிள் வேணும்னா நானே எழுதி அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், மண்டபம்.