நம்ம கெங்கர் திரும்பி வந்துவிட்டது

பத்தாங் பெர்ஜுந்தை
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டிக்கொள். அம்மா நலம், முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. பழைய லயத்தில் இப்போது நான்கு வீட்டில்தான் ஆள் இருக்கிறது. தண்டல் மாமா மகனோடு ரவாங் போய்விட்டார். பாலன் அதே மோட்டார், அதே ஹாரன். கேட்டால் நீ கும்பிட்டு ஓடியிருப்பாய்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம்ம கெங்கரை, அதான் அந்தப் போக்கிமான் அட்டையை, விற்றுவிட்டேன்.

உன்னிடம் கேட்காமல்தான் விற்றேன். இரண்டு பேரும் ஒரு மாதம் ரொட்டிக் காசைச் சேர்த்து வாங்கிய பாக்கெட் அது. 11 அட்டையில் அது ஒன்றுதான் மின்னியது. ஒரு வாரம் உன் வீட்டில், ஒரு வாரம் என் வீட்டில் இருந்தது. நீ ஜொகூர் பாரு போன அன்று “நீயே வைத்துக்கொள்” என்றாய். வைத்துக்கொள் என்றுதான் சொன்னாய், விற்கச் சொல்லவில்லை. அம்மாவின் ஸ்கேனுக்குப் பணம் குறைந்தது, 380 வெள்ளிக்குக் கொடுத்தேன். போன வாரம் அது திரும்பி வந்தது, வலது மேல் மூலை நசுங்கி.

எப்படி நடந்தது என்று முழுதாகச் சொல்கிறேன், கேள்.

ஆலை வேலை முடிந்து வந்து ராத்திரியில் அட்டை விற்பது உனக்குத் தெரியும். இரண்டு வருடமாகிறது. விற்பது பெரிய வேலையில்லை. அட்டை போய்ச் சேர்ந்த பிறகு வரும் புகார்தான் தூக்கத்தைக் கெடுக்கும். வாங்கியவர் கட்டும் பணம் விற்பனைச் செயலியிடமே நிற்கும். வாங்கியவர் “சேதம்” என்று ஒரு பொத்தானை அழுத்தினால் அங்கேயே முடங்கிவிடும். அப்புறம் நாம் படம் காட்டி, வீடியோ காட்டி நிரூபிக்க வேண்டும்.

சேதமே இல்லாத சேதமும் உண்டு. மின்னும் அட்டையில் காகிதத்தின் மேல் ஒரு உலோகப் படலம் இருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் காகிதம் ஊதும், படலம் ஊதாது. அட்டை முகப்புப் பக்கம் குழிந்து வளையும். அதைப் படமெடுத்து “மடங்கிப் போய் வந்தது” என்பார்கள். இப்போது அட்டைகளைச் சிலிக்கா பையோடு டப்பாவில் அடைத்துத்தான் வைக்கிறேன். இன்னொருவர், அட்டையின் நிலைக்குப் பத்துக்கு மதிப்பெண் போடும் பிஎஸ்ஏ நிறுவனத்தின் தரச்சான்றுக்கு அனுப்பி, 10 வரும் என்று நம்பி, 8 வந்ததும் என்னிடம் சேதப் பணம் கேட்டார். நான் விற்றது அட்டையை, 10-ஐ அல்ல. அதைப் பணிவாகவே சொன்னேன், ஏற்றுக்கொண்டார்.

பிப்ரவரியில் ஒருவன் செய்தது அப்படியல்ல. ஃபாசில் என்ற தொகுப்பின் டிராகனைட் அட்டை, 4/62, அதாவது 62 அட்டையில் நாலாவது. கீறல் விழுந்து வந்தது என்று திருப்பி அனுப்பினான். பிரித்துப் பார்த்தேன். கீறல் இருந்தது, ஆனால் அட்டை என்னுடையது இல்லை. அந்தத் தொகுப்பின் படலத்தில் வட்டங்களும் புள்ளிகளும் சுழிகளும் சிதறிக் கிடக்கும். படத்தின் எந்த இடத்தில் எது விழும் என்பது அட்டைக்கு அட்டை மாறும். என்னுடையதில் இறக்கைக்கு மேலே ஒரு சுழி இருந்தது, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் நத்தை ஓடு மாதிரித் தெரியும். வந்ததில் அந்த இடம் வெறும் புள்ளி. பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். பணம் எனக்கு வந்தது. ஆனால் அன்றிலிருந்து, புகார் என்றாலே திருடன் என்று மனதில் பதிந்துவிட்டது.

அந்த மனதோடுதான் கெங்கர் புகாரைப் படித்தேன். சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பையன். “அண்ணே, மூலை நசுங்கி இருக்கு” என்று மூன்று படம். நான் என்ன எழுதினேன் தெரியுமா? “அனுப்பும்போது நன்றாக இருந்தது, வீடியோ இருக்கிறது, இந்த வேலையெல்லாம் என்னிடம் வேண்டாம்.” ராத்திரி பதினொரு மணிக்கு. அவன் உடனே பதில் போட்டான்: “காசு வேணாம் அண்ணே. வேற கெங்கர் இருக்கா?”

ஏமாற்ற வந்தவன் இப்படிக் கேட்பானா? எழுந்து விளக்கைப் போட்டு அவன் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டையை மட்டும்தான் முதலில் பார்த்திருந்தேன், டாப்லோடரைப் பார்க்கவே இல்லை. அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் உறையின் வலது மேல் மூலையில் முடி அளவு விரிசல் ஓடியது. பின்பக்க நீலத்தில் வெள்ளை தெரிந்ததும் அதே மூலையில். உறை முழுசாக இருந்து உள்ளே அட்டை மட்டும் நசுங்கியிருந்தால் சந்தேகப்படலாம். இரண்டும் ஒரே இடத்தில் அடிபட்டிருந்தால், வழியில் விழுந்திருக்கிறது.

அப்புறம் என் வீடியோவையே போட்டேன். மென்உறை சரி, டாப்லோடர் சரி. அதை டீம் பேக் என்ற ஒட்டி மூடும் பையில் போடவில்லை, தீர்ந்துபோயிருந்தது. இரண்டு பக்கமும் வைத்த அட்டைப் பலகையை டாப்லோடர் அளவுக்கே வெட்டியிருக்கிறேன். விரலகலம் பெரிதாக இருந்திருந்தால் அடி பலகை மேல் விழுந்திருக்கும். டாப்லோடரின் மேல் வாயில் குறுக்காக ஒரே ஒரு டேப். அட்டை மேலேறி வாயருகே நின்றிருக்கும், தரையில் மோதியபோது மூலை மாட்டிக்கொண்டது. எல்லாம் என் கையால் செய்தது, நானே எடுத்த வீடியோவில் இருக்கிறது. அதையேதான் அவனுக்கு ஆதாரமாகக் காட்டி மிரட்டினேன்.

காலையில் வேலைக்குப் போகும் முன்பே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். 380 வெள்ளியும் தபால் செலவும் திருப்பிக் கொடுத்தேன். அட்டையை நீயே வைத்துக்கொள் என்றேன். அவன் கேட்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு அட்டையை வைத்திருக்கக் கூடாது என்று அவன் அம்மா சொல்லிவிட்டாராம். நம்ம அம்மாக்களும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். அவன் பார்சலை நீ பார்க்க வேண்டும்: டாப்லோடர் பையில், பெரிதாக வெட்டிய இரண்டு பலகைக்கு நடுவே, நீல மாஸ்கிங் டேப், பிரிக்கச் சுலபமாக நுனியை மடித்துவிட்டிருக்கிறான். பதிமூன்று வயசு!

கெங்கர் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இனி விற்கமாட்டேன். தைப்பூசத்துக்கு நீ பத்துமலை வருவாய் அல்லவா, அப்போது கையில் வாங்கிக்கொள். உன் முறை.

ஒரு உதவி வேண்டும். உன் பிஸ்கட் டின்னில் மின்னாத கெங்கர் ஒன்று இருந்தது, 20/62. நீ விசிலுக்கு மாற்றிக்கொண்டது. அதை அந்தப் பையனுக்குக் கொடுக்கலாமா? மனசு இருந்தால் அனுப்பு, இல்லையென்றால் வற்புறுத்தமாட்டேன். அனுப்புவதாக இருந்தால் பலகையைப் பெரிதாக வெட்டு, டேப் நுனியை மடித்துவிடு.

அன்புடன்,
மணி