அந்தச் செடியைக் குப்பையில் போடாதே, பாப்பா

உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல். அன்றைக்கு நீ பேசும்போது அம்மா நடுவில் போனை வாங்கிக்கொண்டாள், செடி விஷயம் பாதியில் நின்றுவிட்டது. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சீனப் புத்தாண்டுக்கு வாங்கிய குஸ்மேனியா நிறம் மங்கிப் பழுப்பாகிவிட்டது, செத்துவிட்டது என்றாய். சாகவில்லை. சிவப்பாகத் தெரிந்ததே பூ இல்லை, பூவைச் சுற்றிய இலைதான். அதனால்தான் அத்தனை மாதம் நின்றது. இது புரோமிலியாட் குடும்பம், அதாவது அன்னாசியின் குடும்பம். இதில் அநேகமாக எல்லாமே ஒரு முறை பூத்ததோடு சரி. நம் வாழை மாதிரி பக்கத்தில் கன்று விடும். ஆனால் குலை வெட்டிய வாழையைச் சாய்ப்பதுபோல இதைச் சாய்த்துவிடக் கூடாது. தாய்ச்செடி ஓராண்டு, சில சமயம் அதற்கு மேலும், பச்சையாக நின்று கன்றுகளை வளர்த்துவிடும். காய்ந்த தண்டை மட்டும் நறுக்கிவிடு. கன்று தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வந்த பிறகு அடியோடு அறுத்துப் பிரி. பாதி உயரம் வரும்வரை பொறுத்தால் இன்னும் நல்லது. (இதை வைத்து நான் தாய், பிள்ளை என்று தத்துவம் பேசப் போவதில்லை. அம்மா பேசுவாள், கேட்டுக்கொள்.)

அடுத்தது கொசு. சிங்கப்பூரில் உங்கள் அடுக்குமாடி புளோக்கில் சுற்றுப்புற வாரியத்து ஆட்கள் வந்து பார்க்கிறார்கள் என்று பயப்படுகிறாய். பயம் நியாயம்தான். இங்கேயும் டெங்கு காலத்தில் வீடு வீடாக வந்து தொட்டி, சிரட்டை, பழைய டயர் எல்லாம் பார்க்கிறார்கள். இந்தச் செடியின் இலைகள் நடுவில் சேர்ந்து ஒரு குழி மாதிரி இருக்கும், அந்த நடுக்குழியில் தேங்கும் தண்ணீர் ஏடிஸ் கொசு முட்டையிட ஏற்ற இடம். அதற்காகக் குழியைக் காய விடாதே. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகையால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை செடியைத் தொட்டியோடு கவிழ்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடு, போதும். பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்துத் துகள் கிடைத்தால் ஒரு சிட்டிகை போடலாம், அது கொசுப்புழுவைக் கொல்லும், செடியை ஒன்றும் செய்யாது. மண்ணெண்ணெய், எண்ணெய் எதையும் ஊற்றிவிடாதே. இலையில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன, அவைதான் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகின்றன. எண்ணெய் பட்டால் அவை அடைத்துக்கொள்ளும். வேர் பெரும்பாலும் பிடிப்புக்குத்தான். அதனால் தொட்டி சின்னதாக இருக்கலாம், அடியில் ஈரம் சொதசொதவென்று நிற்கக் கூடாது.

இதே குடும்பத்தில் மண்ணில்லாமல் வளரும் டில்லான்சியாவைச் செம்புக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருப்பதாகச் சொன்னாயே, அதை இன்றைக்கே மாற்று. இந்தக் குடும்பத்துக்குச் செம்பு விஷம். திராட்சைக்கு அடிக்கும் போர்டோ கலவையும் ஆகாது, அதில் இருப்பது மயில்துத்தம். தூண்டில் நரம்பு போதும்.

இனி நம் வீட்டு வாசல் சங்கதி. சிங்கப்பூரில் பார்ப்பதுபோல இங்கேயும் ஒரு வரிசை வைக்கலாம் என்றாய். வைக்கலாம், ஆனால் குஸ்மேனியாவும் அதன் இனத்துச் செடி வ்ரீசியாவும் வேண்டாம். இலை மெத்தென்று முள்ளில்லாமல் இருந்தால் அது நிழல் செடி, நம் வெயிலில் ஒரு கோடை தாங்காது. இலை தடித்து ஓரத்தில் முள் இருந்தால் வெயில் தாங்கும். ஏக்மியா பிளாஞ்செட்டியானா, நியோரெஜீலியா குருவென்டா என்று இரண்டு உண்டு, பிரேசிலில் கடலோர மணலிலேயே வளர்பவை. அன்னாசியும் இதே குடும்பம்தான். இவை இரவில் இலைத்துளையைத் திறந்து காற்றை வாங்கிக்கொண்டு பகலில் மூடிக்கொள்ளும், தண்ணீர் அதிகம் வீணாவதில்லை. நம் ஊருக்கு வேறென்ன வேண்டும்?

சிக்கல் தண்ணீரின் அளவில் இல்லை, உப்பில்தான். போர் தண்ணீரை நடுக்குழியில் ஊற்றினால் அது வற்ற வற்ற உப்பு மட்டும் தங்கும். இலையில் வெள்ளை வளையம் விழும், நுனி கருகும். காவிரித் தண்ணீர் வருகிற அன்றைக்குக் குடம் நிரப்பவே அம்மாவுக்கு நேரம் போதாது, அதைச் செடிக்குக் கேட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. ஆகவே மழைத் தண்ணீர்தான். நம் மாவட்டத்து மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடுகிறது. மாடித் தண்ணீரைக் கொல்லைத் தொட்டிக்குக் குழாய் போட்டு விட்டிருக்கிறேன். இந்தச் செடிகளுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் போதும், கோடை வரைக்கும் தாட்டிவிடலாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் உப்பும் இலையில் படியும். அதற்காக வீட்டின் கிழக்குப் பக்கம் வைக்கலாம் என்று இருக்கிறேன், மேற்கே சுவர் மறைப்பாக நிற்கும்.

தொட்டிக்கு மண்ணே வேண்டாம். தேங்காய் மட்டையைத் துண்டு போட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து அலசிவிட்டு, சீமைக்கருவேலங்கரியும் ஓட்டுச் சில்லும் கலந்தால் சரி. கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமா? அழகுக்குச் சிப்பியும் பவளக்கல்லும் பரப்பலாம் என்ற உன் யோசனை மட்டும் வேண்டாம். இந்தச் செடிக்கு லேசான புளிப்புத் தன்மைதான் பிடிக்கும், அவை சுண்ணாம்பு. அதோடு பவளக்கல் எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

பெட்டியில் கன்று கொண்டுவருகிறேன் என்றாயே, வேண்டாம்மா. அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விமான நிலையத்தில் விட மாட்டார்கள். மதுரையில் ஒரு நர்சரியில் சொல்லி வைத்திருக்கிறேன், நியோரெஜீலியா வரவழைத்துத் தருகிறார்களாம். நேரம் கிடைத்தால் அங்கே தாவரவியல் பூங்காவின் ஆர்க்கிட் தோட்டத்துக்குள் இருக்கும் புரோமிலியாட் சேகரிப்பைப் போய்ப் பார், பிடித்ததைப் படம் எடுத்து அனுப்பு. பெட்டியில் மிச்சமிருக்கும் இடத்தில் அம்மாவுக்குக் கோடாலித் தைலம் வாங்கி வை. போன தடவை வாங்கியது தீர்ந்துவிட்டது என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா