குரல் இல்லாத குயில்

அன்புள்ள முருகேசா,

முட்டி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. மாடிப்படிக்கு மட்டும் அவசரப்படாதே.

பிரிஸ்பேனில் இப்போது கோடை. பப்புவா நியூ கினிப் பக்கமிருந்து வந்த குயில்கள் விடியும் முன்பே கூவித் தூக்கத்தைக் கெடுக்கின்றன. ஆனால் நான் சொல்ல வந்தது கூவாத குயில் ஒன்றைப் பற்றி.

எங்கள் வீடு கட்டைக்கால் மேல் நிற்கும் பழைய மரவீடு. அடியில் மழை படாத காய்ந்த மண். நீலப்பட்டைத் தேனீக்கள் அங்கே வளை தோண்டியிருக்கின்றன. தக்காளிப் பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தம் உதிர்ப்பவை இவைதான். ஒவ்வொன்றுக்கும் தனி வளை. ராணி, கூட்டம் எதுவும் கிடையாது.

போன வாரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கருப்பு உடம்பில் பளீர் நீலப் பொட்டுகளோடு ஒன்று தரையை ஒட்டி மெல்லப் பறந்தது. வளைக்காரி வெளியே போனதும் உள்ளே நுழைந்தது. நியான் குயில்தேனீ! காலில் மகரந்தம் சுமக்கும் முடிக்கற்றையே இல்லை. சுமக்க வேண்டிய வேலை இருந்தால்தானே? அடுத்தவள் சேர்த்துவைத்த அறையில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். பொரித்து வரும் புழு வீட்டுக்காரியின் முட்டையைத் தீர்த்துவிட்டு, அந்தச் சோற்றைத் தின்று வளரும்.

அறிவியல் பெயர் தைரியஸ் நிடிடுலஸ். தைரியம்தான் பெயராகிவிட்டதோ என்று சிரித்தேன். கிரேக்கத்தில் அது கேடயமாம். 1804-ல் ஃபேப்ரிசியஸ் என்ற பூச்சியியல் அறிஞர் விவரித்த இனம். ஆஸ்திரேலியாவிலும் பப்புவா நியூ கினியிலும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், திருடியும் வீட்டுக்காரியும் ஏப்பிடே என்ற ஒரே குடும்பம்தான், கிளைதான் வேறு. பங்காளிச் சண்டை என்று வைத்துக்கொள்ளேன்.

முதலில் கோபம் வந்து துண்டை வீசி விரட்டினேன். அப்புறம் விட்டுவிட்டேன். நீலப்பட்டைத் தேனீ ஏராளமாக இருக்கிற இடத்தில்தானே இதற்குப் பிழைப்பு?

சரி, உனக்கு ஒரு வேலை. தைரியஸ் பேரினமும் நீலப்பட்டைத் தேனீயின் சொந்தங்களும் நம் ஊர்ப் பக்கமும் உண்டு. உன் தோட்டத்து மண்சுவர் இன்னும் நிற்கிறதா? அதில் பென்சில் நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருந்தால், காலையில் நாற்காலியைப் போட்டு உட்கார். எப்படியும் டாக்டர் உன்னை உட்காரத்தானே சொல்லியிருக்கிறார். நீலப் பொட்டு தெரிந்தால் போட்டோ அனுப்பு.

உன்
சுந்தரம்