புளிமூட்டை சொன்ன சேதி

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதத்துக்கு மூணு மாசம் கழிச்சுப் பதில். திட்டு, வாங்கிக்கிறேன். இங்க எல்லாரும் சௌக்கியம்.

நீ ஏதோ 'மூலிகை' வீரிய கேப்சூல் வாங்குறியாம், புளிமூட்டை சொன்னான். வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சேன். ஆனா அதைத் தூக்கிக் குப்பையில போடு. 2008 ஜனவரிலேருந்து மே வரைக்கும் உங்க சிங்கப்பூர்லயே, சர்க்கரை வியாதி இல்லாத 150 பேர் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. ஏழு பேர் கோமாவிலேயே கிடந்தாங்க. அதுல நாலு பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. கள்ள வீரிய மாத்திரைக்குள்ள இருந்தது கிளிபென்கிளமைடு, சர்க்கரையை இறக்குற மருந்து. ஊர்ல அப்பா சாப்பிடுற அதே மருந்து.

எனக்கு இப்ப அப்பா கவலைதான். ரத்தத்துல சர்க்கரை இருக்கோ இல்லையோ, அந்த மருந்து கணையத்தை இன்சுலின் சுரக்க வச்சுக்கிட்டே இருக்கும். கிட்னி கெட்டு ரத்தத்துல கிரியாட்டினின் ஏறினவர் உடம்புல அது வெளியே போகாம தேங்கும். ஒரு வேளைச் சாப்பாடு தவறினாலே போதும், சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும். வியர்வை, நடுக்கம் இல்லாம வெறும் உளறலா வந்தா பக்கவாதம்னு நினைச்சுடுவாங்க. மதினிகிட்ட சொல்லி வை: விரல்ல குத்திப் பார்த்து சர்க்கரை 70-க்குக் கீழ இருந்தா மூணு ஸ்பூன் குளுக்கோஸ் தண்ணியில கலந்து கொடுக்கணும், 15 நிமிஷத்துல மறுபடி குத்தணும். வாக்லிபோஸ்ங்கிற இன்னொரு சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுறார் இல்ல? அது சீனியைக் குடல்ல உடைய விடாது, குளுக்கோஸ் பொடியேதான் வேணும். நினைவில்லேன்னா வாயில எதையும் ஊத்தக் கூடாது.

எல்லாரும் கோட்டை விடுறது இதுக்கப்புறம்தான். ஆஸ்பத்திரியில 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், 100 மில்லி ஏத்தினதும் கண் முழிச்சுக் காபி கேட்பார். சரியாயிடுச்சுன்னு கூட்டிட்டு வந்துடுவீங்க. மருந்து உள்ளேயே இருக்கு, ஏத்தின குளுக்கோஸும் இன்னும் இன்சுலினைக் கிளப்பி விடும். ராத்திரித் தூக்கத்துல சர்க்கரை மறுபடி விழும், யாருக்கும் தெரியாது. மூளைக்குச் சர்க்கரைக் கையிருப்பு கிடையாதுடா. மணிக்கணக்காப் பட்டினி கிடந்தா மேல்புறணியும், ஞாபகம் சேர்க்கிற ஹிப்போகாம்பஸும் செத்துடும். அப்புறம் எத்தனை பாட்டில் ஏத்தியும் பிரயோஜனமில்லை. குறைஞ்சது 24 மணி நேரம் அங்கேயே இருக்கணும், கிட்னி கெட்டவர் இன்னும் கூட. மறுபடி இறங்கினா ஆக்ட்ரியோடைடு ஊசி போடலாமான்னு கேளு: தோலுக்கடியில 50 மைக்ரோகிராம், ஆறு மணிக்கொரு தரம். அது இன்சுலின் சுரப்பையே அடக்கும்.

இந்த வாரமே டாக்டர்கிட்ட அந்த மாத்திரையை மாத்தச் சொல்லிக் கேளு. உன் கேப்சூல் டப்பாவை மட்டும் புளிமூட்டைகிட்ட கொடுத்துடாதே, தின்னாலும் தின்னுடுவான்.

உன்,
முருகேசன்